அடுக்களை அரட்டை: தலைக்கு வந்தது!

போன இதழில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடித்தோம். இந்த இதழில் கொஞ்சம் உயரே போவோம். தலைக்கு!

சமீபத்தில் வீடு மாறினோம். பழைய வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான். ஆனாலும் விலாசம் விலாசம்தானே? ரேஷன் கார்டில் மாற்றுவதற்காக இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், "விலாசம் மட்டும்தானா அக்கா? இல்ல, குடும்பத் தலைவரையும் மாத்தணுமா?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! விலாசத்தை மாற்றுகிற மாதிரி குடும்பத் தலைவரையும் மாற்றலாமா? இத்தனை சுலபமாகவா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இது தெரியாமல் போய்விட்டதே!

அப்புறம்தான் விளங்கியது. ஆளை மாற்றுவதில்லையாம். கார்டில் தலைவர் என்று போட்டிருக்கிற பெயரைத்தான் மாற்றுவார்களாம். "வீட்டுல கலந்து பேசிட்டு வரேம்ப்பா" என்று திரும்பிவிட்டேன். தலைமை மாற்றம் என்றால் சும்மாவா? பொதுக்குழுவைக் கூட்ட வேண்டாமா?

அன்று ராத்திரியே கூட்டம் கூடியது.

"ஏங்க, கார்டுல என் பேரைத் தலைவியாப் போட்டுக்கலாமாம்" என்றேன்.

இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "தாராளமாப் போட்டுக்கோ. நான் பேருக்குத்தானே தலைவர்? இங்க யாரோட ஆட்சி நடக்குதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார்.

காலேஜில் படிக்கும் பிள்ளை கைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு குண்டைப் போட்டான். "அம்மா, 2013-ல வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாரு. தானியம் வாங்கத் தகுதியுள்ள குடும்பத்துல, 18 வயசு நிரம்பின பெண்கள்ல யார் மூத்தவங்களோ, அவங்கதான் ரேஷன் கார்டுக்குக் குடும்பத் தலைவியாம். அப்படிப் பார்த்தா நீ இல்ல. பாட்டிதான் தலைவி!"

மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் சிரித்துவிட்டார். "போடா! தலையில முடியே நாலுதான் இருக்கு. இதுல தலைமை வேறயா? உங்கம்மாவே வச்சுக்கட்டும்."

ஆக, போட்டியின்றி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பிள்ளைகள் இரண்டும் "தலைவி வாழ்க!" என்று கோஷம் போட்டன. கோஷம் அடங்கியதும் தலைவி எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

* * *

பாத்திரம் தேய்க்கிற நேரத்தில்தான் எனக்கு யோசனை நன்றாக ஓடும். 'தலை' என்று தொடங்குகிற வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன்.

தலைத் தீபாவளி. பிறந்த வீட்டில் மனைப் பலகையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தோம். யோசித்துப் பார்த்தால், தலைமைப் பீடத்தில் நாம் கடைசியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்!

தலைவாசல். அதற்குக் கோலம் போடுவது நாம். அங்கே பெயர்ப் பலகையில் தொங்குவது அவர்.

தலையணை. மருமகள் தலையணை மந்திரம் ஓதிப் பிள்ளையை மயக்கிவிட்டாள் என்று ஊரில் பேசுவார்கள். மந்திரம் ஓதுகிறவர் மந்திரி என்றால் நாமும் ஒரு மந்திரிதான். ஆனால் நேரம் எங்கே? தலையணையில் தலை பட்ட மறு நிமிஷம் குறட்டை!

தலையாரி. பெயரிலேயே தலை இருக்கிறது. ஆனால் பழைய கிராம நிர்வாகத்தில் எல்லோரும் ஏவுகிற கடைசிப் படிக்கட்டு அவர்தான். தண்டோராவிலிருந்து காவல் வரை அவர் தலையில். இப்போது அந்தப் பதவிக்குக் கிராம உதவியாளர் என்று கௌரவமான பெயர் வந்துவிட்டது. வீட்டுத் தலையாரிக்கு 'இல்லத்தரசி' என்று அதைவிடக் கௌரவமான பெயர் வந்திருக்கிறது. வேலைதான் மாறவில்லை!

தலையாட்டி பொம்மை. தஞ்சாவூர் சமாசாரம். எத்தனை தரம் தள்ளிவிட்டாலும் ஆடி ஆடி நிமிர்ந்து உட்காரும். ஆஹா, நம் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். அதன் ரகசியம் அடிப்பாகத்தில் வைத்திருக்கிற கனம். இந்தக் கனத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

தலை முடிந்தது. அடுத்தது அதிகாரம். திருக்குறளில் 133 அதிகாரம். எனக்கு இந்த வீட்டில் எத்தனை அதிகாரம் என்று எண்ணிப் பார்த்தேன். வத்தக்குழம்பில் மிளகாய்த் தூள் தூக்கலாகிப்போன ஒரு நாள் இவர் நாக்கை நீட்டிக்கொண்டு, "என்னம்மா, இன்னிக்கு அதி காரமா இருக்கே!" என்றார். அந்த ஒரு அதிகாரம்தான் முழுசாக என் கையில் இருக்கிறது.

பொறுப்பு? அது நிறைய. 'பொறு' என்ற ஒரே சொல்லிலிருந்துதான் பொறுமையும் வந்தது, பொறுப்பும் வந்தது. வள்ளுவர் பொறையுடைமைக்கு 16-வது அதிகாரத்தை மட்டும் ஒதுக்கினார். நாம் ஆயுளையே ஒதுக்கிவிட்டோம். ஆபீஸில் ஒருவர் லீவில் போனால் இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். லீவு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். நமக்குக் கொடுத்த கூடுதல் பொறுப்பை யாராவது திரும்ப வாங்கியதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

நண்பர்கள் வந்தால் இவர் என்னை "எங்க உள்துறை அமைச்சர்" என்று அறிமுகம் செய்து வைப்பார். எழுத்தைக் கவனிக்க வேண்டும். உள்துறையை நான் பார்த்துக்கொள்கிறேன், உள்ளே துரை ஈஸிசேரில் பேப்பர் பார்த்துக்கொள்கிறார். எங்கள் வீட்டில் நடப்பது கூட்டாட்சி என்றும் சொல்லுவார். வாஸ்தவம்தான். திங்கட்கிழமை பூசணிக்காய்க் கூட்டு, செவ்வாய்க்கிழமை புடலங்காய்க் கூட்டு. ஆட்சியில் பாக்கியெல்லாம் எனக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதில் சிரிக்காமல் யோசிக்க வேண்டியதும் இருக்கிறது.

நம் ஊராட்சிகளைப் பாருங்கள். 1992-ல் செய்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் வந்தது. எத்தனையோ பெண்கள் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து குடிதண்ணீரும் தெருவிளக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். சில இடங்களில் மட்டும் பெயர் மனைவிக்கு, பேச்சு கணவருக்கு. வீட்டில் இதற்கு நேர் தலைகீழ். பெயர் அவருக்கு, வேலை நமக்கு.

எவ்வளவு வேலை? இதைச் சர்க்காரே கணக்குப் போட்டிருக்கிறது. 2019-ல் நாடு முழுக்க, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு அதற்குச் செலவழித்தது 299 நிமிஷம். அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் செலவழித்தது 97 நிமிஷம். 299 என்றால் ஐந்து மணிக்கு ஒரு நிமிஷம் குறைவு. அந்த ஒரு நிமிஷத்தில்தான் நாம் காப்பி குடிக்கிறோம் போலிருக்கிறது!

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கினார்களே, அப்போது 'குடும்பத் தலைவி' என்ற வார்த்தை தெருவெல்லாம் ஒலித்தது. அது ஒன்றும் புது வார்த்தையில்லை. சங்ககால அகப் பாட்டில் நாயகிக்குத் 'தலைவி' என்றுதான் பெயர். அதாவது, பெயரே கிடையாது, தலைவி மட்டும்தான். குறுந்தொகையில் ஒரு புதுமணத் தலைவி வருகிறாள். தயிர் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கிற புகை கண்ணில் பட, புளிப்பாக ஒரு குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் உள்ளுக்குள் மலர்கிறது. வளர்த்த தாய் அதைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் பூரித்துப்போய்ச் சொல்கிறாள். அழகான பாட்டு. பள்ளிக்கூடத்தில் படித்தபோது உருகியிருக்கிறேன்.

ஆனால் இப்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பெண் சாப்பிட்டாளா? வளர்த்த தாய் அதைச் சொல்லவில்லை. பெற்ற தாய் கேட்டதாகவும் தெரியவில்லை!

இந்தச் சந்தேகம் எனக்கு ஏன் வந்தது என்பதுதான் இனிமேல் கதை.

* * *

தலைவர்கள் ஊர் சுற்றுவார்கள். இந்தத் தலைவிக்குத் தலை சுற்றியது.

கொஞ்ச மாதமாகவே உடம்பு ஒரு மாதிரிதான் இருந்தது. மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் மூச்சு வாங்கும். சாயங்காலமானால் நெற்றியில் சுத்தியல் அடிக்கும். 'தலைவி'யைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் 'தலைவலி' என்று நானே ஜோக் அடித்துக்கொண்டு தைலத்தைத் தேய்த்துக்கொள்வேன். இன்னொரு டம்ளர் காப்பி போட்டுக் குடிப்பேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தண்ணீர் மேல் பழி போட்டேன்.

இன்னொன்றும் உண்டு. சொல்ல வெட்கம். அரிசி புடைக்கும்போது ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லுவேன். முதலில் ஒரு பிடி, அப்புறம் ரெண்டு பிடி. ஏதோ பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, டிபன் டப்பாக்களை வரிசையாக மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே பிரிட்ஜின் மேல் சாய்ந்துவிட்டேன். என் மகள் ஓடிவந்து பிடித்தாள். "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிட்டது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

லேடி டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அடுத்து அவர் கேட்ட கேள்வியில் எனக்குத் திக்கென்றது. "பச்சை அரிசி மெல்லுவீங்களா?"

"ஆமாம் டாக்டர்... உங்களுக்கு எப்படி..."

"ரத்தத்துல இரும்புச் சத்து குறைஞ்சா சிலருக்கு அரிசி, சாம்பல், சாக்கட்டி, மண்ணுன்னு எதையாவது திங்கத் தோணும். அது பழக்கமில்ல, அறிகுறி."

ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டுமாம். நமக்கு மட்டும்தானா இந்தக் கஷ்டம் என்றால், இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு மேல். அதே வயது ஆண்களில் நாடு முழுக்க 25 பேர்.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டுல எல்லாருக்கும் யாரு பரிமாறுவாங்க?"

"நான்தான்."

"உங்களுக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.

"எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சம் இருக்கறதைப் போட்டுக்குவேன் டாக்டர்."

"மிச்சம் இல்லைன்னா?"

"மோர் விட்டு ரெண்டு கை சாதம்... ஒரு ஊறுகாய்... அப்புறம் காப்பி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. கோபத்தில் கத்துவதில்லை, கெட்ட பழக்கம் கிடையாது, தங்கமான மனுஷர்தான். ஆனால் நான் எப்போது சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று ஒரு நாளும் அவருக்குக் கேட்கத் தோன்றியதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

* * *

அன்று சாயங்காலம் மாமியார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"நீ வந்த ரெண்டாம் வருஷம் சாவிக்கொத்தை உன் கையில கொடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப நான் நினைச்சேன், பொறுப்பைக் கொடுக்கறேன்னு. இப்பத்தான் தெரியுது, சாவியோட சேர்த்து என் பட்டினியையும் கொடுத்துட்டேன். எங்க அத்தை கடைசியாச் சாப்பிட்டாங்க, நானும் அப்படியே சாப்பிட்டேன். ஒருநாள் உன்னையும் உட்கார்ந்து சாப்பிடுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல. எனக்கு யாரும் சொல்லலை பாரு."

நான் என்னத்தைச் சொல்ல? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூண்டு வாசனை அடித்தது. ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் ராத்திரி தோசை மாவு தீர்ந்துவிட்டது. தட்டில் மூன்று தோசைதான் மிச்சம். ப்ளஸ் டூ படிக்கிற என் மகள், "அப்பாவும் அண்ணனும் சாப்பிடட்டும்மா. எனக்கு ஒண்ணும் பசிக்கல" என்றாள்.

எனக்கு நெஞ்சு திடுக்கென்றது. இந்தப் பாடத்தை நான் அவளுக்கு ஒரு நாளும் வாயால் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்தே படித்துவிட்டாள்! அவளுக்கும் பரிசோதனை செய்தோம். 10.4. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருதரம் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று யாருக்கும் தெரியாமல் தூக்கிப் போட்டிருக்கிறாள். மாமியாரின் மாமியார், மாமியார், நான், இப்போது இவள். நாலு தலைமுறை!

அந்த வார்த்தையில்தான் எனக்கு வழி கிடைத்தது. தலை-முறை. அதாவது, தலைமைக்கு முறை வைப்பது!

மறுபடியும் பொதுக்குழு கூடியது. இந்தத் தடவை தலைவி உட்கார்ந்துகொண்டு பேசினாள். தீர்மானம் இரண்டே இரண்டு.

முதல் தீர்மானம்: ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். பாத்திரங்கள் நடுவில். அவரவருக்கு வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது. பொரியலும் கீரையும் ஐந்து பங்காகத்தான் பிரியும், நாலாக அல்ல.

இரண்டாம் தீர்மானம்: தலைமைக்கு முறை. சனிக்கிழமை இவர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளை, புதன்கிழமை ராத்திரி மகள். என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்து மேடை துடைப்பது வரை அன்றைய தலையின் பொறுப்பு. "என்ன செய்யட்டும்?" என்று என்னைக் கேட்கக் கூடாது. மாமியாரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தோம். இல்லை, சாப்பாட்டுநாயகர்!

முதல் சனிக்கிழமை இருக்கிறதே, அதைத் தனியாக ஒரு இதழாகப் போடலாம். குக்கருக்கு ரப்பர் வளையம் போடாமல் மூடிவிட்டு, விசில் வரவில்லையே என்று இவர் அரைமணி நேரம் காத்திருந்தார். "ஏம்மா, உளுத்தம்பருப்பு டப்பா எது? கடலைப்பருப்பு எது? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று ஓயாமல் குரல். நான் ஒவ்வொரு தரமும் எழுந்தேன். ஒவ்வொரு தரமும் சாப்பாட்டுநாயகர், "உட்காரும்மா, உனக்கு இன்னிக்குச் சபையில இடமில்ல" என்று அடக்கினார்.

சகோதரிகளே, ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அவர் சமைத்தது அவருக்குக் கஷ்டம். நான் உட்கார்ந்திருந்தது எனக்கு அதைவிடக் கஷ்டம். கடுகு கருகுகிற வாசனை வருகிறது, கை துறுதுறுக்கிறது! அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் யாரும் உதவவில்லை என்று அலுத்துக்கொண்டேனே, உதவ வந்தவர்களை நானே எத்தனை தரம் "தள்ளுங்க, உங்களுக்குத் தெரியாது" என்று விரட்டியிருக்கிறேன்! தலைமை என்றால் எல்லாவற்றிலும் தலையிடுவது என்று நினைத்திருந்தேன். தலையிடாமல் உட்கார்ந்திருப்பதும் தலைமைதான்.

* * *

இனி, டாக்டர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இளம் தாய்மார்கள் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சோர்வு, தலைச்சுற்றல், படியேறினால் மூச்சு வாங்குவது, முகவெளுப்பு, அரிசி மண் தின்னத் தோன்றுவது, இவை இருந்தால் தைலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், எள், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல், மீன், முட்டை, இவை நல்லவை. கீரை, பயறு சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி என்று ஏதாவது புளிப்பு சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும்.

சாப்பிட்ட கையோடு காப்பி, டீ கூடாது. அவை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நான் மயக்கத்துக்கு மருந்தென்று குடித்த காப்பிதான் மயக்கத்தை வளர்த்திருக்கிறது!

ஆகாரம் மட்டும் போதும் என்று டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றிக்கொள்ளலாம். பாலோடும் காப்பியோடும் அதை விழுங்கக் கூடாது. ரத்தம் கூடியதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்கிற வரை தொடர வேண்டும். சேமிப்புக் கணக்கிலும் பணம் ஏற வேண்டுமே!

ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலும், ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எனக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்து, தனியாக வைத்தியம் நடந்தது. கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும், அதற்கும் மாத்திரை உண்டு.

* * *

மூன்று மாதம் கழித்து எனக்கு 11.4. மகளுக்கு 12-ஐத் தாண்டிவிட்டது. அரிசி புடைக்கும்போது இப்போதெல்லாம் கை வாய்க்குப் போவதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு மாத்திரைச் சீட்டோடு போயிற்று.

தலையாட்டி பொம்மையை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? தள்ளினாலும் அது நிமிருகிறதென்றால், அடியில் கனம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு எத்தனை நாளைக்கு நிமிர முடியும்?

போன சனிக்கிழமை இவர் வைத்த வத்தக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம்! "என்னங்க, அதி காரமா இருக்கே!" என்றேன்.

"இன்னிக்கு அதிகாரம் என் கையிலதானே?" என்று சிரித்துக்கொண்டே, என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கீரையைப் போட்டார்.

கார்டில் இப்போதும் என் பெயர்தான் தலைவி. ஆனால் கடைசியாகச் சாப்பிடுகிற தலைவி இந்த வீட்டில் இல்லை. உங்கள் வீட்டில் நேற்று ராத்திரி கடைசியாகச் சாப்பிட்டது யார், சகோதரிகளே? அவருக்கு என்ன மிச்சம் இருந்தது? யோசித்து வையுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.